வாங்கிய வீடு இல்லமாவது எப்போது?



வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்றார்கள் நம் பெரியவர்கள். கட்டிப் பார்க்க நேரமும் ஆளும் இல்லாதவர்கள் இன்று கட்டிய வீட்டை வாங்குகிறோம். கெங்குவார்பட்டி, தேவதானப்பட்டி, பெரியகுளம் என்று நம் மலையடிவார ஊர்களில், வேறொருவர் கட்டிய வீட்டுக்கு வெள்ளையடித்து, நிலைவாசலில் மாவிலை கட்டி, பால் காய்ச்சிக் குடியேறும் குடும்பங்களைப் பார்க்கிறோம். தோப்பு வேலையில் சேர்த்த காசு, வெளியூர்க் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்த காசு, கழுத்து நகையை அடகு வைத்த காசு எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சாவி கைக்கு வருகிறது. எனவே புது வீட்டு மகிழ்ச்சியைக் குறைத்துப் பேச நாம் இன்று வரவில்லை. ஒரே ஒரு கேள்வியைத்தான் சேர்ந்து சிந்திக்கப் போகிறோம்: சாவி கைக்கு வந்த அன்றே வீடு இல்லமாகிவிடுகிறதா?

நம் தமிழ் மொழியே இதற்கு ஒரு குறிப்புத் தருகிறது. 'கெடு' என்பதிலிருந்து 'கேடு' பிறப்பதுபோல, 'விடு' என்பதிலிருந்து 'வீடு' பிறக்கிறது என்பது பள்ளியில் நாம் படித்த இலக்கணம். அறம், பொருள், இன்பம், வீடு என்று சொல்லும்போது வீடு என்றால் விடுதலை. நாம் வீடு என்றாலே பிடித்துக்கொள்வதைத்தான் நினைக்கிறோம். மொழியோ விட்டுக்கொடுப்பதை நினைவூட்டுகிறது.

பதிவுத்துறை தரும் பத்திரம் நமக்கு என்ன உரிமையைத் தருகிறது? 'இது என்னுடையது, என் சம்மதம் இல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாது' என்று சொல்லும் உரிமையைத் தருகிறது. அது தேவையான உரிமைதான். ஆனால் அந்த உரிமையை யார் யாருக்காக விட்டுக்கொடுக்கிறோமோ, அவர்களால்தான் வீடு இல்லமாகிறது. இன்றைய நம் சிந்தனை முழுவதும் இதுதான்.

இறைவார்த்தையில் இரண்டு கிரயங்கள்

சொத்து வாங்குவது ஆன்மிகத்துக்கு ஆகாத காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆபிரகாம் நிலம் வாங்கியவர். தொடக்கநூல் 23ஆம் அதிகாரத்தில், இறந்துபோன தம் மனைவி சாராவை அடக்கம் செய்ய எப்ரோன் என்பவரிடம் 400 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து மக்பேலா நிலத்தை வாங்குகிறார். நம் பத்திரங்களில் நான்கு எல்லையும் அதற்குட்பட்ட மரங்களும் எழுதப்படுவதுபோல, அங்கும் நிலம், அதிலிருந்த குகை, எல்லைக்குள் நின்ற மரங்கள் எல்லாம் ஊரார் முன்னிலையில் உறுதி செய்யப்படுகின்றன. இலவசமாகத் தருவதாகப் பேச்சு வந்தபோதும், முழு விலையைக் கொடுத்தே வாங்குவேன் என்பதில் அவர் உறுதியாக நிற்கிறார்.

எரேமியா 32ஆம் அதிகாரத்தில் மற்றொரு கிரயம். எருசலேமைப் பாபிலோன் படை சூழ்ந்திருக்கிறது. இறைவாக்கினரோ காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் உறவினர் ஒருவர் வந்து அனத்தோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். 17 செக்கேல் வெள்ளி எடை போடப்படுகிறது. சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று; இரண்டும் நெடுங்காலம் இருக்கும்படி மண்பானையில் வைக்கப்படுகின்றன.

இந்த இரண்டு கிரயங்களிலும் ஓர் ஒற்றுமை உண்டு. ஆபிரகாம் மனைவிக்கு ஓர் இடம் கொடுக்க வாங்குகிறார். எரேமியா உறவினரின் நிலத்தை மீட்கும் கடமைக்காகவும், நாளை இந்த மண்ணில் மக்கள் மீண்டும் வாழ்வார்கள் என்ற நம்பிக்கைக்காகவும் வாங்குகிறார். இருவருமே தனக்கென்று வாங்கவில்லை.

வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

வீடு வாங்கும்போது நாம் முதலில் கேட்பது வில்லங்கச் சான்று. முப்பது ஆண்டுக்குப் போட்டுப் பார்க்கிறோம். கேட்கத்தான் வேண்டும். மூலப் பத்திரம், பட்டா எல்லாம் சரிபார்ப்பது குடும்பத்துக்கு நாம் செய்யும் கடமை. ஆனால் வில்லங்கச் சான்று பதிவான விவரங்களை மட்டுமே காட்டும். பதிவாகாத வில்லங்கம் என்று ஒன்று உண்டு. அதை நம் மனச்சாட்சிதான் போட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டை விற்றவர் ஏன் விற்றார்? மருத்துவச் செலவுக்கா, மகள் திருமணத்துக்கா, கந்துவட்டிக்காரரின் நெருக்கடியா? அவருடைய அவசரத்தைத் தெரிந்துகொண்டு விலையை இன்னும் கீழே இறக்கினோமா? லேவியர் நூல் 25ஆம் அதிகாரம், மதில் சூழ்ந்த நகரில் வீட்டை விற்றவர் அதை மீட்டுக்கொள்ள ஓர் ஆண்டு அவகாசம் தருகிறது. வாங்குபவரின் மகிழ்ச்சியை மட்டுமல்ல, விற்றவரின் கண்ணீரையும் கடவுளின் சட்டம் கணக்கில் வைக்கிறது. நம் நாட்டுச் சட்டம் அப்படி அவகாசம் தருவதில்லை. ஆனால் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் ஒருநாள் வாசலில் வந்து நின்று, தாங்கள் வைத்த முருங்கை மரத்தைப் பார்க்க ஆசைப்பட்டால், உள்ளே கூப்பிட்டு ஒரு டம்ளர் காப்பி கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

இன்னொரு வில்லங்கம் நம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. புது வீட்டுக்கான பணம் பல நேரங்களில் பூர்வீக வீட்டை விற்ற பணம். அதில் உடன்பிறந்த சகோதரிகளுக்குப் பங்கு போனதா? 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி, பிள்ளைகளுக்கு ஆண் பெண் வேறுபாடின்றிச் சமம். இதைத் தெரிந்தே வைத்துக்கொண்டு, 'உனக்குத்தான் சீர்செனத்தி செய்தாயிற்றே' என்று சொல்லி அக்கா தங்கைகளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். மனமுவந்து விட்டுக்கொடுக்கும் சகோதரிகள் உண்டு. அண்ணன் உறவு அறுந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களும் உண்டு. அந்தப் பத்திரத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். யாருக்கு விடுதலை? கையெழுத்துப் போட்டவள் அடுத்த திருவிழாவுக்கு வராமல் போனால், நாம் வாங்கியது சொத்து, இழந்தது வீடு.

லூக்கா நற்செய்தி 19ஆம் அதிகாரத்தில் சக்கேயுவின் வீட்டை நினைத்துப் பாருங்கள். எரிகோவில் அவர் பெரிய செல்வர். வீட்டுக்கு அங்கே குறைவிருந்திருக்காது. இயேசு அந்த வீட்டில் தங்கப் போகிறார் என்றதும் ஊரே முணுமுணுக்கிறது. சக்கேயு எழுந்து நின்று கணக்கைச் சரி செய்கிறார்: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றிப் பெற்றிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பேன். அதற்குப் பிறகுதான் இந்த வீட்டுக்கு இன்று மீட்பு வந்தது என்கிறார் இயேசு. வீட்டுக்கு மீட்பு! சக்கேயு என்ற ஒருவருக்கு மட்டுமல்ல, அந்தக் கூரையின் கீழ் வாழ்ந்த அனைவருக்கும்.

எந்தச் சுவரை இடிக்கப் போகிறோம்?

வீடு வாங்கியதும் அடுத்து வருவது மூலைப் பிரச்சினை. வாசல் தெற்கே பார்க்கிறதே, ஈசானிய மூலையில் கழிவறை இருக்கிறதே என்று யாராவது ஒருவர் வந்து சொல்லிவிடுகிறார். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிற நாமும் பயந்துபோய், கடனுக்கு மேல் கடன் வாங்கி நல்ல சுவரை இடிக்கிறோம். காற்றும் வெளிச்சமும் வர ஒரு சன்னலைத் திறந்தால் அது அறிவு. மூலை மாறினால் விதி மாறும் என்று பயந்து இடித்தால், படைத்தவரைவிட மூலையை நம்புகிறோம் என்றுதான் பொருள்.

சுவரை இடித்த கிறிஸ்தவர்கள் முன்பும் இருந்தார்கள். இன்றைய சிரியா நாட்டில், யூப்ரத்தீசு ஆற்றங்கரையில் தூரா யூரோப்பஸ் என்றொரு பழைய நகரம் இருந்தது. 1930களின் தொடக்கத்தில் அங்கே அகழாய்வு செய்தவர்கள் ஒரு வீட்டைக் கண்டெடுத்தார்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள் என்று அது ஒரு சாதாரணக் குடியிருப்பு வீடு. கி.பி. 240ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த வீட்டின் இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை எடுத்துவிட்டு ஒரே கூடமாக்கியிருக்கிறார்கள். இன்னோர் அறையில் திருமுழுக்குத் தொட்டி; அதற்கு மேலே சுவரில் ஆட்டைத் தோளில் சுமக்கும் நல்லாயனின் ஓவியம். நமக்குத் தெரிந்த மிகப் பழைய கிறிஸ்தவ வழிபாட்டு இடங்களில் அது ஒன்று. அவர்கள் சுவரை இடித்தது அதிர்ஷ்டம் வருவதற்காக அல்ல, மனிதர்கள் வருவதற்காக. இன்னும் நான்கு பேர் உட்கார இடம் வேண்டும் என்பதற்காக.

பிலிப்பி நகரில் லீதியா தம் வீட்டைத் திருத்தூதர் பவுலுக்குத் திறந்ததும், பிரிஸ்காவும் அக்கிலாவும் தங்கள் வீட்டில் சபை கூட இடம் கொடுத்ததும் இதே வழியில்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டில் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தபோது, இந்தப் பழைய மரபைத்தான் நமக்கு மீண்டும் நினைவூட்டியது.

ஆகவே மூலையைப் பற்றிக் கேட்பதானால் இப்படிக் கேட்போம்: நம் புது வீட்டில் வயதான அம்மாவுக்கு எந்த மூலை? ஹால், மாஸ்டர் பெட்ரூம், பிள்ளைகளுக்குப் படிக்கும் அறை, விருந்தினர் அறை என்று எல்லாம் பிரித்த பிறகு, மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டில் போட்டு, அங்கே அம்மாவைப் படுக்க வைக்கிறோமா? அல்லது பழைய வீட்டிலேயே தனியாக விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை மளிகை வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறோமா? வடகிழக்கு மூலை சரியாக இருந்து, அம்மாவின் மூலை தவறாக இருந்தால், அந்த வீட்டின் குறையை எந்த நிபுணராலும் சரிசெய்ய முடியாது.

புது வீட்டுக்குக் கடவுள் தந்த இரண்டு சட்டங்கள்

இணைச்சட்ட நூலில் புது வீட்டைப் பற்றி இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. நம்மில் பலர் அவற்றைக் கவனித்திருக்க மாட்டோம்.

முதலாவது, 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனம். புது வீடு கட்டினால் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டு. யாராவது விழுந்தால் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்பது அதன் பொருள். கடவுள் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கூட பேசுகிறாரா என்று வியப்பாக இருக்கலாம். பேசுகிறார். நம் வீட்டுக்குள் வருகிற ஒவ்வோர் உயிருக்கும் நாம் பொறுப்பு என்கிறார். கண்ணாடிபோல் மின்னும் டைல்ஸ் போட்டு, அப்பா குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தபின் ஜெபக் கூட்டத்தில் வேண்டுதல் வைப்பதைவிட, முதலிலேயே சொரசொரப்பான தரை போட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைப்பது நல்ல ஜெபம். மூட்டுவலி உள்ள அம்மாவுக்கு உட்காரும் கழிப்பறை ஒன்று வைப்பதும் அன்பின் செயல்தான்.

இரண்டாவது, 20ஆம் அதிகாரம் 5ஆம் வசனம். போருக்குப் புறப்பட்ட வீரர்களில் யாராவது புது வீடு கட்டி அதை இன்னும் நேர்ந்தளிக்காமல் வந்திருந்தால், அவன் திரும்பிப் போகலாம். போர்க்களத்திலிருந்தே விடுப்பு! வீடு இருந்தால் போதாது. அதில் வாழ வேண்டும் என்பது கடவுளின் விருப்பம்.

நம்முடைய போர்க்களம் மாதத் தவணை. 10 லட்சம் ரூபாய்க் கடனை 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால், மாதம் ஏறக்குறைய 9,000 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் நாம் கட்டியிருப்பது ஏறக்குறைய 21 லட்சத்து 60 ஆயிரம். கிரயத்தின்போது 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் தனி. இந்தச் சுமையைத் தூக்க அப்பா வெளிமாநிலத்தில், அம்மா இரவு ஷிப்டில், பிள்ளைகள் செல்போனோடு. வீடு இருக்கிறது, வீட்டில் யாரும் இல்லை.

கடன் வாங்காதீர்கள் என்று சொல்வது எளிது. பலருக்கு வேறு வழியில்லை. ஆனால் கடனைத் தனியாகச் சுமக்காமல் இருக்கலாம். எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு மீதி என்று கணவனும் மனைவியும் ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். மறைத்து வைத்த கடன்தான் வீட்டுக்குள் சண்டையாக வெளிவருகிறது. முடிந்தால் பத்திரத்திலும் மனைவியின் பெயர் இருக்கட்டும். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு என்று தமிழ்நாடு அரசே ஏற்பாடு செய்திருக்கிறது. சலுகைக்காக மட்டும் வேண்டாம். அந்தச் சுவர்களுக்குள் அவளுடைய உழைப்பும் இருக்கிறது என்பதற்காகச் செய்யுங்கள்.

தீர்த்தம் யார்மேல் விழுகிறது?

புது வீட்டை மந்திரிக்கச் சாமியாரைக் கூப்பிடுகிறோம். நல்ல வழக்கம். ஆனால் சில இடங்களில் அவர் வரும்போது வீட்டுக்காரர் பந்தலில் இலை போட்டுக்கொண்டிருப்பார், வீட்டம்மா அடுப்படியில் இருப்பார், பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். தீர்த்தம் சுவரில் விழும், ஆளின்மேல் விழாது. திருச்சபை 1984இல் வெளியிட்ட ஆசியுரைச் சடங்கு நூல், குடும்பங்களை அவர்கள் இல்லங்களில் ஆசீர்வதிப்பதைப் பற்றிச் சொல்லும்போது, அங்கே வாழ்பவர்கள் உடனிருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது. ஆசீர் செங்கலுக்கு அல்ல, செங்கலுக்குள் வாழப்போகும் மனிதர்களுக்கு. எனவே அந்தப் பத்து நிமிடம் எல்லாரும் ஒன்றாக நில்லுங்கள். பேசாமல் இருக்கும் தம்பியையும் கூப்பிட்டு நிறுத்துங்கள். இயேசு தம் சீடர்களை அனுப்பியபோது, எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் சமாதானத்தை வாழ்த்துங்கள் என்றார். சமாதானம் வந்து தங்க ஓர் ஆள் வேண்டும்.

ஹாலில் திருஇருதய ஆண்டவர் படத்தை மாட்டுகிறோம். பெரு நாட்டில் பிறந்த மத்தேயோ கிராவ்லி என்ற குருவானவர் 1907இல் தொடங்கிய முயற்சியால், திருஇருதய ஆண்டவரை இல்லத்தின் அரசராக அமர்த்தும் பக்தி உலகெங்கும் பரவியது. அரசராக அமர்த்துவது என்றால் சீரியல் பல்பு போடுவது மட்டுமல்ல. இந்த வீட்டில் கடைசி வார்த்தை என்னுடையது அல்ல, அவருடையது என்று வீட்டுத் தலைவர் ஒத்துக்கொள்வது. குடித்துவிட்டு வந்து கை ஓங்கும் நேரத்திலும் அவர் அதே சுவரில் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை நினைப்பது.

முதல் மாதத்தில்

குடியேறிய முதல் மாதத்தில் சில சிறிய காரியங்களை நாம் செய்யலாம். காய்ச்சிய பாலில் முதல் டம்ளர் பக்கத்து வீட்டுக்குப் போகட்டும். அவர்கள் எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்க வேண்டாம். அடுத்த அன்பியக் கூட்டத்தை நம் வீட்டில் வைக்கச் சொல்லிக் கேட்போம். நாற்காலி போதாவிட்டால் பாய் விரிப்போம். பங்கு கொடுக்காத சகோதரி இருந்தால், கிறிஸ்துமஸ் வரை காத்திருக்காமல் இந்த வாரமே பேசுவோம். ஒரு நாளில் ஒருவேளைச் சாப்பாடாவது டி.வி. இல்லாமல், எல்லாரும் ஒன்றாக. சாப்பிட்ட இடத்திலேயே ஒரு பத்துமணி ஜெபமாலை. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் எழுதிய அன்பின் மகிழ்ச்சி என்ற ஏட்டில் குடும்பங்களுக்கு நினைவூட்டிய மூன்று சொற்கள் நமக்குத் தெரிந்தவைதான்: அனுமதி கேட்பது, நன்றி சொல்வது, மன்னிப்புக் கேட்பது. சொந்த வீட்டில் எதற்கு அனுமதி என்று தோன்றும். சொந்த வீட்டில்தான் அது மிகவும் தேவைப்படுகிறது.

அன்பார்ந்தவர்களே, புது வீட்டுக்குப் போகப்போகிறவர்களும், வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஏங்குகிறவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். வாடகை வீட்டிலும் இல்லம் உண்டு. நாசரேத்தூர்க் குடும்பம் எகிப்தில் அகதிகளாக இருந்த நாள்களிலும் குடும்பமாகவே இருந்தது. சொந்தமோ வாடகையோ, நம் கதவு யாருக்கெல்லாம் திறக்கிறது என்று இன்று இரவு படுக்கப் போகுமுன் ஒருமுறை யோசிப்போம். திறக்க வேண்டிய ஒருவருடைய பெயர் நினைவுக்கு வந்தால், அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிப்போம். விடிந்ததும் அவரைக் கூப்பிடுவோம்.

எல்லாம் வல்ல இறைவன் நம் இல்லங்களையும், அவற்றில் வாழும் பெரியவர்களையும் பிள்ளைகளையும், நமக்கு முன் அங்கே வாழ்ந்தவர்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.